மெய்யான ஆராதனை எங்கே நடக்கிறது?

வேதபாகம்: யோவான் 4:1-26, ஆமோஸ் 6:1-6, ரோமர் 12:1, 2



இம்மருத்துவமனையின் நோயாளிகளை நீங்கள் பலர் முகமுகமாய்ப் பார்த்ததில்லை. ஆனாலும் அவர்களுக்காக நாள்தோறும் ஜெபிக்கிறீர்கள். உங்கள் வருமானத்தில் ஒரு பங்கை எடுத்து வைத்து அனுப்புகிறீர்கள். அப்படிப்பட்ட உங்களோடு இந்த இதழில் ஆராதனையைக் குறித்துத் தியானிக்க விரும்புகிறோம். தலைப்பு பழையதுதான். ஞாயிறு தவறாமல் ஆலயத்திற்குப் போகிற நமக்கு இதில் கற்றுக்கொள்ள என்ன மீதியிருக்கிறது என்று தோன்றலாம். எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது, ஒரு வருகைப் பதிவேட்டினால் நாங்கள் வெட்கப்படும்வரை. அதைப் பிறகு சொல்லுகிறோம். முதலாவது வேதபாகத்திற்கு வருவோம்.

கிணற்றடியில் எழுந்த கேள்வி

சமாரியாவிலுள்ள சீகார் என்னும் ஊரருகே, யாக்கோபுடைய கிணற்றினிடத்தில் ஆண்டவர் உட்கார்ந்திருந்தார். நடந்து வந்த களைப்பு, உச்சிவேளை. தண்ணீர் மொள்ள வந்த ஒரு ஸ்திரீயிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். ஆராதனையைக் குறித்து ஆண்டவர் கொடுத்த மிக ஆழமான போதனை இப்படி ஒரு தாகத்திலிருந்து தொடங்குகிறது.

அந்த ஸ்திரீ கேட்டது இடத்தைப் பற்றி. எங்கள் முன்னோர் தொழுதது இந்த மலையில். நீங்களோ எருசலேம்தான் என்கிறீர்கள். எது சரி என்ற பொருளில் கேட்டாள். தன் பாவத்தைப் பற்றிய பேச்சைத் திசைதிருப்பவே அப்படிக் கேட்டாள் என்று சிலர் பிரசங்கிப்பதுண்டு. நாங்கள் அப்படி நினைக்கவில்லை. கெரிசீம் மலையின்மேல் சமாரியருக்கு ஓர் ஆலயம் இருந்தது. கி.மு. 2ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யூதரின் தலைவனும் பிரதான ஆசாரியனுமாயிருந்த யோவான் இர்க்கான் அதை இடித்துப்போட்டான். கிணற்றடியிலிருந்து பார்த்தால் அந்த மலை கண்ணெதிரே நிற்கும். இடிக்கப்பட்ட ஆலயத்தின் மலையைக் காட்டியபடியே அவள் கேட்டிருக்கிறாள். இன்றைக்கும் சிறு கூட்டமாய் மீந்திருக்கிற சமாரியர் ஆண்டுதோறும் அதே மலையில்தான் பஸ்காவை ஆசரிக்கிறார்கள். இடம் மனிதருக்கு அவ்வளவு பெரிய காரியம். நம் சபைகளில் ஒரு பெஞ்சு இடம் மாறினாலே எவ்வளவு மனத்தாங்கல் வருகிறது!

ஆண்டவர் மலையைப் பற்றிய பேச்சை விட்டு, தொழுகிற மனிதரைப் பற்றிப் பேசினார். பிதாவானவர் ஆவியிலும் உண்மையிலும் தம்மைத் தொழுகிறவர்களைத் தேடுகிறார் என்றார். 'ஆவி' என்ற சொல்லைக் குறித்து நாம் அநேகப் பிரசங்கங்கள் கேட்டிருக்கிறோம். 'உண்மை' என்ற சொல்லைக் குறித்துக் கேட்டது குறைவு. ஆனால் சில வசனங்களுக்கு முன்னே என்ன நடந்தது என்று பாருங்கள். புருஷனை அழைத்து வரச் சொன்னபோது, எனக்குப் புருஷன் இல்லை என்று அவள் பாதி உண்மையைச் சொன்னாள். மீதிப் பாதியை அவர் சொன்னார். அதைக் கேட்டும் அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. அவர் முன்பாகவே நின்றாள். ஆராதனையைப் பற்றிய பேச்சு அதன்பிறகுதான் வருகிறது.

மருத்துவமனையில் இதை வேறு விதமாய்ப் பார்க்கிறோம். டாக்டர் கேட்கும்போது, ஊரில் யாரோ கொடுத்த பொடியைச் சாப்பிட்டதை நோயாளி சொல்லமாட்டார். திட்டுவார்களோ என்ற பயம். இரண்டு நாள் கழித்து, பின்னால் நின்றுகொண்டிருக்கும் மனைவி மெல்லிய குரலில் அதைச் சொல்லுவார். சரியான வைத்தியம் அன்றைக்குத்தான் தொடங்கும். நாமும் நல்ல உடை உடுத்தி, ராகம் தப்பாமல் பாடி, நோயை மட்டும் வைத்தியரிடம் சொல்லாமல் எத்தனை ஞாயிற்றுக்கிழமை வீட்டிற்குத் திரும்பியிருக்கிறோம்?

சிவப்பு மையில் எழுதிய பெயர்

இப்போது அந்தப் பதிவேட்டின் கதை. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் சிற்றாலயத்தில் காலை ஜெபத்திற்கு வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். காலை ஏழேகால் மணிக்கு மணி அடித்தாலும் முன்வரிசை பெஞ்சுகள் காலியாகவே கிடக்கும். இது மிஷன் மருத்துவமனை. ஜெபத்தோடு நாளைத் தொடங்காவிட்டால் மற்ற மருத்துவமனைகளுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம் என்று நாங்கள் கவலைப்பட்டோம். கவலை தவறல்ல. அதற்கு நாங்கள் கண்டுபிடித்த மருந்துதான் தவறு. வாசலில் ஒரு பதிவேடு வைத்து எல்லாரும் கையெழுத்திட வேண்டும் என்றோம். மாதக் கடைசியில் குறைவாய் வந்தவர்களின் பெயரைச் சிவப்பு மையில் எழுதி நிர்வாகத்திற்கு அனுப்பினோம்.

முதல் மாதப் பட்டியலில் முதல் பெயர் ஆண்கள் வார்டு ஆயாம்மா ஒருவருடையது. இரவு வேலை முடிவது ஏழு மணிக்கு; சிற்றாலயமோ வார்டிலிருந்து கூப்பிடு தூரம். அந்த மாதத்தில் ஒரு நாள்கூட அவர் கையெழுத்து இல்லை. அழைத்து விசாரித்தோம்.

"என்னம்மா, ஏழு மணிக்கு டூட்டி முடியுது. ஒரு கால் மணி நேரம் ஆண்டவருக்குக் கொடுக்கக்கூடாதா?"

அவர் தலைகுனிந்து நின்றார். பிறகு சொன்னார்: "பத்தாம் நம்பர் கட்டில் தாத்தாவுக்குத் துணைக்கு ஆள் இல்லீங்க ஐயா. ரெண்டு கையும் மரத்துப்போச்சு. சூடு தெரியாது. கஞ்சி டம்ளரைக் கையில குடுத்தா அப்படியே பிடிச்சுக்கிட்டுச் சுட்டுக்குவார். பகல் டூட்டி ஆளுங்களுக்கு அந்த நேரத்துல படுக்கை மாத்தவே சரியா இருக்கும். அதனால நான் ஆத்திக் குடுத்துட்டுப் போறேன். ஜெபத்துக்கு வர எனக்கும் ஆசைதான் ஐயா. பாட்டு ஜன்னல் வழியா கேக்கும்."

அதற்குமேல் என்ன கேட்பது? அந்தப் பட்டியல் ஏற்கெனவே அலுவலகத்திற்குப் போய்விட்டது; ஆண்டு மதிப்பீட்டுக் கோப்பில் சேருகிற தாள் அது. அன்று பிற்பகலே கண்காணிப்பாளரிடம் போய், தவறு எங்களுடையது என்று சொல்லி, அதைத் திரும்ப வாங்கினோம். நாற்பது வருஷத்துக்கு முன் வேதசாஸ்திரக் கல்லூரியில் ஆராதனையைக் குறித்து எழுதிய பரீட்சையில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தோம் என்பதையும் ஏனோ அன்று நினைத்துக்கொண்டோம்.

மரத்துப்போன கை

பத்தாம் நம்பர் கட்டிலில் இருந்த பெரியவர் வாலிபத்தில் தொழுநோய் கண்டவர். நோய் மருந்தினால் என்றோ குணமாயிற்று. நரம்புகளுக்கு நேர்ந்த சேதம் மட்டும் நின்றுவிட்டது. தொழுநோய் வந்தால் விரல்கள் தாமாகவே அழுகி விழும் என்று வெகுகாலம் நம்பினார்கள். 1946இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் அப்படியல்ல என்று கண்டறிந்து காட்டினார். நோய் நரம்பைத் தாக்கும்போது வலி தெரியாமல் போகிறது. வலி தெரியாதவர் அடுப்பிலிருந்து பாத்திரத்தை வெறுங்கையால் இறக்குகிறார். காலில் ஆணி தைத்தும் நடக்கிறார். இரவில் எலி கடித்தாலும் உறங்குகிறார். விரல்களை அழிப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட காயங்களும் அவற்றில் சேரும் கிருமிகளும்தான். இந்நாட்களில் சர்க்கரை நோயினால் பாதம் மரத்துப்போய் வருகிறவர்களிடமும் இதையே பார்க்கிறோம். வலி ஒரு சாபம் என்று நினைக்கிறோம். வலி இல்லாத கையைக் கண்டவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

இந்த வெளிச்சத்தில் ஆமோஸ் 6ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். தந்தக் கட்டிலில் படுத்து, கொழுத்ததைப் புசித்து, தாவீதைப்போலத் தங்களுக்குக் கீதவாத்தியங்களை உண்டாக்கிக்கொண்ட ஒரு கூட்டத்தைத் தீர்க்கதரிசி காட்டுகிறார். தாவீதைப் பின்பற்றுவது தவறா? அவர்களுடைய இசையில் குற்றம் இருந்ததாக அவர் சொல்லவில்லை. யோசேப்பின் வீட்டார் நொறுங்கிக் கிடந்ததற்காக அவர்கள் துக்கப்படவில்லை என்பதே 6ஆம் வசனத்தின் குற்றச்சாட்டு. அதாவது கை வீணையை வாசித்தது. ஆனால் கை மரத்துப்போயிருந்தது. ஏசாயா முதலாம் அதிகாரத்திலும் கர்த்தர் ஜெபத்திற்கு விரித்த கைகளைத்தான் கவனிக்கிறார். அந்தக் கைகள் பகலில் என்ன செய்தன என்பதை அவர் மறக்கவில்லை. ஏசாயா 58இல் உபவாசத்தைக் குறித்தும், மீகா 6இல் பலியைக் குறித்தும் இதே வழக்குத்தான். ஒரு அவயவம் பாடுபட்டால் எல்லா அவயவங்களும் கூடப் பாடுபடும் என்று பவுல் கொரிந்து சபைக்கு எழுதினார். அது ஒரு புத்திமதி மாத்திரமல்ல. சரீரத்தின் நரம்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையும்கூட.

ரோமர் 12:1இல் அப்போஸ்தலன் நம் சரீரங்களை ஜீவபலியாக ஒப்புக்கொடுக்கச் சொல்லுகிறார். ஆத்துமாவை என்று எழுதியிருந்தால் நமக்குச் சுலபமாயிருந்திருக்கும். சரீரம் என்றால் கை, கால், முதுகு, தூக்கம், பசி எல்லாம் சேர்ந்தது. அவ்விடத்தில் ஆராதனை என்பதற்குப் பவுல் எழுதிய கிரேக்கச் சொல் லத்ரேயா. ஆலய ஊழியத்தைக் குறித்த அந்தச் சொல்லின் வேரில் வேலைசெய்து சேவிப்பது என்ற பொருள் இருக்கிறது. பழைய ஏற்பாட்டிலும் அப்படியே. 'அவாத்' என்ற ஒரே எபிரெய வினைச்சொல்தான் ஆதாம் தோட்டத்தைப் பண்படுத்தியதற்கும், இஸ்ரவேலர் எகிப்தில் அடிமைவேலை செய்ததற்கும், மலையில் தேவனை ஆராதிப்பதற்கும் வருகிறது (ஆதி. 2:15, யாத். 1:13, 14, 3:12). தமிழ் வேதத்தில் வெவ்வேறு சொற்கள் இருப்பதால் இது நம் கண்ணில் படுவதில்லை. பார்வோனுக்காக வளைந்த முதுகு இனி யாருக்காக வளையும் என்பதே யாத்திராகமத்தின் கேள்வி.

சரீரத்தை ஒப்புக்கொடுப்பது என்றால் திடமான சரீரம் வேண்டும் என்று எண்ணிவிடக் கூடாது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ் கேரளத்தில் கொச்சிப் பகுதியைச் சேர்ந்தவர். 1954இல் நடந்த ஒரு வாகன விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போயிற்று. இளம் டாக்டர், வாழ்க்கை முடிந்துவிட்டது என்று பிறர் எண்ண நியாயம் இருந்தது. ஆனால் கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாம். டாக்டர் பிராண்ட் அவர்களின் ஊக்கத்தினால் அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்து, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சைகளைச் செய்யத் தொடங்கினார். கால்கள் உணர்வற்ற ஒருவர், கைகள் உணர்வற்றவர்களின் கைகளைச் சீர்ப்படுத்தினார். பின்பு வெளிநாட்டில் பயிற்சி பெற்று வந்து, நடக்க முடியாதவர்களுக்கான மறுவாழ்வுப் பணியை வேலூரில் கட்டி எழுப்பினார். 1972இல் பத்மஸ்ரீ விருது வந்தது. 1986இல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

மடங்கிய விரல்கள் நிமிருவது என்றால் என்ன என்பதை எங்கள் வார்டிலும் பார்த்திருக்கிறோம். அப்படிப்பட்ட சிகிச்சை பெற்ற ஒருவர், கட்டுப் பிரித்து, பல வாரப் பயிற்சிக்குப் பின் வீடு திரும்பும் நாளில் இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தார். விரல்கள் மடங்கியிருந்த வருஷங்களில் அவரால் கைகூப்ப முடிந்ததில்லை. யாரைக் கும்பிடுவது என்று தெரியாதவர்போல டாக்டரையும், நர்சையும், கடைசியில் மெழுகித் துடைத்துக்கொண்டிருந்த ஊழியரையும் கும்பிட்டார். அந்த ஊழியர் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு அவரைத் திரும்பக் கும்பிட்டார்.

வேலையே தெய்வமா?

இதுவரை வாசித்தவர்கள், அப்படியானால் ஜெபத்திற்குப் போகாமல் வேலையைச் செய்தால் போதும் என்று எடுத்துக்கொள்ளக்கூடும். செய்யும் தொழிலே தெய்வம் என்று பல அலுவலகங்களில் பலகை தொங்குகிறது. உழைப்பை மதிக்கிற நல்ல எண்ணத்தில்தான் அதை மாட்டுகிறார்கள். ஆனாலும் நாங்கள் அதற்கு ஆமென் சொல்லுவதில்லை. தொழில் தெய்வமானால் அது இரக்கமற்ற தெய்வமாகிவிடும். அது யாருக்கும் ஓய்வுநாள் கொடுப்பதில்லை, யாரையும் மன்னிப்பதுமில்லை.

ஓர் இளம் டாக்டர் எங்களிடம் இருந்தார். சிற்றாலயத்திற்கு வரமாட்டார், என் வேலைதான் என் ஆராதனை என்பார். உண்மையில் மிகக் கடினமாய் உழைத்தார். இரண்டாம் வருஷக் கடைசியில் ஓர் இரவு எங்கள் அறைக்கு வந்து உட்கார்ந்தார். "ஐயா, நோயாளி வாயைத் திறந்தாலே கோபம் வருது. அவங்க வலி எனக்கு ஒண்ணும் பண்ணமாட்டேங்குது" என்றார். நாங்கள் பிரசங்கம் ஒன்றும் செய்யவில்லை. அவரோடு சற்று நேரம் மௌனமாய் இருந்து ஜெபித்தோம். கை மரத்துப்போவது பாடிக்கொண்டிருக்கிறவர்களுக்கு மட்டும் வருகிற வியாதியல்ல என்று அன்று கற்றோம்.

மாற்கு முதலாம் அதிகாரத்தில் எங்களைச் சங்கடப்படுத்துகிற ஒரு பகுதி உண்டு. மாலையில் கப்பர்நகூம் பட்டணமே வாசலில் கூடிவந்தது. ஆண்டவர் அநேகரைச் சொஸ்தமாக்கினார். மறுநாள் இருட்டோடே எழுந்து, வனாந்தரமான ஓரிடத்திற்குப் போய் ஜெபம்பண்ணினார். எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்று சீமோன் பின்தொடர்ந்து வந்து சொன்னபோது, அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்றார். புறநோயாளிகள் வரிசை காத்திருக்க, பெரிய டாக்டர் ஜெபிக்கப் போனதுபோல இருக்கிறது! ஆனால் ஜனங்கள் கேட்பதெல்லாம் பிதா கேட்பது என்று அவர் எண்ணவில்லை. எந்த வேலையைச் செய்வது, எதை விடுவது என்பதை அவர் அந்த இருட்டில் பிதாவிடம் கேட்டுக்கொண்டார் என்று நாங்கள் வாசிக்கிறோம்.

உங்கள் காணிக்கையைப் பற்றி

இனி உங்களோடு சம்பந்தப்பட்ட காரியம். பிலிப்பி சபையார் சிறையிலிருந்த பவுலுக்கு எப்பாப்பிரோதீத்து மூலமாய்ப் பொருள் உதவி அனுப்பினார்கள். கொண்டுபோனவர் வியாதிப்பட்டு மரணத்துக்குச் சமீபமானார். அந்த உதவியைப் பெற்றுக்கொண்ட பவுல் பற்றுச்சீட்டு எழுதுவதுபோல் எழுதவில்லை. நோவாவின் பலியிலிருந்து எழும்பிய சுகந்தத்தைக் குறிக்கக் கிரேக்க வேதத்தில் வந்த அதே சொற்களால் அதைக் குறிப்பிடுகிறார் (ஆதி. 8:21, பிலி. 4:18). எருசலேம் பரிசுத்தவான்களுக்குத் திரட்டிய பணத்தைக் குறித்து எழுதும்போது 'லெய்தூர்கியா' என்ற சொல்லை வைக்கிறார் (2 கொரி. 9:12). கிரேக்கப் பட்டணங்களில் செல்வந்தர் தங்கள் சொந்தச் செலவில் போர்க்கப்பலைச் சித்தப்படுத்துவது போன்ற பொதுப்பணிக்கு அந்தப் பெயர். நம் திருச்சபைகளின் ஆராதனை முறைமைக்கும் அதே பெயர்தான் நிலைத்தது. ஆகவே உங்கள் காணிக்கை ஆராதனைதானா என்று கேட்டால், ஆம் என்று சொல்ல வேதம் எங்களுக்குத் தைரியம் தருகிறது.

பிடியரிசி எடுத்துவைக்கும் நம் தாய்மாரை நினைத்துக்கொள்ளுங்கள். உலை வைக்கும்போதெல்லாம் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியைக் கர்த்தருக்கென்று கலயத்தில் போடுவார்கள். அன்றைய அரிசி குறைவாயிருந்தாலும் போடுவார்கள். அந்தப் பிடியின் அளவு அவரவர் கைக்குத்தான் தெரியும்.

ஆனால் ஒன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். டியூப் லைட்டின் மேலேயே உபயம் இன்னார் என்று எழுதிப் பாதி வெளிச்சத்தை மறைத்துவிடும் வழக்கம் நம் ஆலயங்களிலும் உண்டு. எங்கள் வராந்தாச் சுவரிலும் கல்வெட்டுகள் இல்லாமல் இல்லை. அதைவிட முக்கியமானது, பக்கத்து வீட்டில் வாதத்தினால் படுத்திருப்பவரைப் பார்க்கப் போகாததற்கு எங்களுக்கு அனுப்பும் பணவிடை ஈடாகாது. மக்கெதோனியா சபையார் முதலாவது தங்களையே கர்த்தருக்குக் கொடுத்தார்கள் என்று பவுல் சாட்சி சொல்லுகிறார் (2 கொரி. 8:5). பணம் அதன்பிறகு வந்தது. இப்படி எழுதுவதால் இந்த மாதக் காணிக்கை குறைந்துவிடுமோ என்று அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். குறைந்தாலும் பரவாயில்லை, அந்தப் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஓர் ஆரஞ்சுப் பழத்தோடு நீங்கள் போயிருந்தால் எங்களுக்குச் சந்தோஷமே.

பதிவேட்டை அந்த மாதத்தோடு எடுத்துவிட்டோம். சிற்றாலய மணி இப்போதும் ஏழேகாலுக்கு அடிக்கிறது, வரக்கூடியவர்கள் வருகிறார்கள். அதற்குமுன் ஆறே முக்கால் மணிக்கு நாங்கள் ஆண்கள் வார்டுக்குப் போகிறோம். அந்த ஆயாம்மாதான் இதற்கு வழி சொன்னவர். சமையலறையிலிருந்து கஞ்சி வந்தவுடன் அவர் இரண்டு டம்ளர்களை எடுத்து ஆற்றத் தொடங்குவார். நாங்கள் கட்டில்களின் நடுவே நின்று ஒரு சங்கீதம் வாசிப்போம். பாட்டு ஒரு சரணம். பிறகு ஜெபம். பத்தாம் நம்பர் கட்டில் தாத்தா இருந்தவரை அவர்தான் எங்களுக்குக் கடிகாரம். ஜெபம் நீண்டுபோனால், "ஐயா, கஞ்சி ஆறிடுச்சு" என்பார். உடனே ஆமென் சொல்லிவிடுவோம். அவர் போன பிறகும் அந்த வழக்கத்தை மாற்றவில்லை. கஞ்சி ஆறுகிற நேரம்தான் எங்கள் ஜெப நேரம்.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனை போதகர்